அந்த ஃபைலைத் திறந்தது யார்?

கிளினிக்குகளுக்கு மென்பொருள் போட்டுக்கொடுக்கும் தொழிலில், எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை நம்மை ஒருத்தரும் நினைக்க மாட்டார்கள். ஏதாவது விபரீதம் நடந்துவிட்டால் முதல் போன் நமக்குத்தான் வரும்.

கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு மாடியில் எங்கள் கம்பெனி இருக்கிறது. மயிலாப்பூர், தி.நகர், அடையார் பக்கத்து கிளினிக்குகள் என் பொறுப்பு. நோயாளியின் பெயர், வியாதி, மருந்து, பில் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும் மென்பொருள் எங்களுடையது. அதற்குள்ளே ஆடிட் லாக் என்று ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். யாருடைய ஃபைலை யார் திறந்தார்கள், எந்த கம்ப்யூட்டரிலிருந்து, எத்தனை மணிக்கு, எதை மாற்றினார்கள், மாற்றுவதற்கு முன் என்ன எழுதியிருந்தது என்று அது பாட்டுக்குக் குறித்துக்கொண்டே இருக்கும். அதை யாரும் அழிக்க முடியாது. என்னாலும் முடியாது. இந்தக் கடைசி வாக்கியத்தை இதுவரை ஒரு கஸ்டமரும் நம்பியதில்லை.

சப்போர்ட் வேலை பார்த்து, கஸ்டமரிடம் ஒரு திட்டும் மேனேஜரிடம் ஒரு திட்டும் வாங்கி, இரண்டுக்கும் சேர்த்து சிக்னலில் ஹெல்மெட்டுக்குள்ளேயே பதில் சொல்லிக்கொண்டு வீடு திரும்பியவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், வாருங்கள். மற்றவர்களுக்கு இதில் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளட்டும்.

திண்டுக்கல் பூட்டு

தி.நகரில் மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் ஒரு பல் கிளினிக். ஒருவருடைய எக்ஸ்ரே இன்னொருவரின் ஃபைலில் போய் உட்கார்ந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். நான் போனபோது அந்த மனிதர் வாயில் பஞ்சோடு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கோபப்படக்கூட அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. கண் மட்டும் ஒவ்வொருவர் மேலேயும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது.

கிளினிக் மேலாளரைத் தனியாகக் கூப்பிட்டு, "லாக் பாத்தீங்களா சார்? அதுல எல்லாம் இருக்குமே" என்றேன். பார்த்தேன் என்றார். ஒன்றும் ஆகவில்லையே என்றார். ஒன்றும் ஆகாமல் எப்படி சார், யாரோ ஏற்றியிருக்கிறார்களே என்றேன். அவர் என்னை வாசலுக்கே கூட்டிக்கொண்டு போய், ஷட்டரின் அடியில் கையைக் காட்டிச் சொன்னார்: "நீங்களே இழுத்துப் பாருங்க மேடம். திண்டுக்கல் லாக். கடப்பாரை போட்டாக்கூடத் திறக்காது."

டாக்டரைத் தேடிய டாக்டர்

மயிலாப்பூரில் ஒரு குழந்தை டாக்டர். கைராசிக்காரர் என்று பெயர். ஒரு பெண் குழந்தைக்குக் குறிப்பிட்ட மருந்து ஒத்துக்கொள்ளாது. அது ஃபைலில் இருந்தால், அந்த மருந்தை எழுதும்போதே சிவப்பில் ஒரு கட்டம் வந்து தடுக்கும். அந்தக் குறிப்பை யாரோ எடுத்துவிட்டார்கள். சிவப்புக் கட்டம் வரவில்லை. டாக்டர் மருந்தை எழுதினார். குழந்தைக்கு முகம் வீங்கி, மூச்சுத் திணறி, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டது.

மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். வேலைக்கு இருந்த பெண்கள் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். "யாருன்னு இப்பவே தெரியணும்" என்றார் டாக்டர். லாகைத் திறந்தேன். காலையில் டோக்கன் போட்டது டாக்டர். குழந்தைகளுக்கு எடை பார்த்துக் குறித்தது டாக்டர். மத்தியானம் அவர் வீட்டில் தூங்கும் நேரத்தில் பில் அடித்தது டாக்டர். அவர் சபாவில் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்த சாயங்காலம், அந்தக் குறிப்பை நீக்கியதும் டாக்டர். கிளினிக் முழுக்க ஒரே பாஸ்வேர்டு. மானிட்டரின் ஓரத்தில் செலோடேப் போட்டு ஒட்டியிருந்தது.

உள்ளேயிருந்து காபி கொண்டுவந்த அவர் மனைவி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ஆளுக்கு ஒண்ணு வெச்சுக்கோங்கோன்னு நீங்க அன்னிக்கே சொன்னேள். இவர்தான், அதெல்லாம் யார் ஞாபகம் வெச்சுண்டு இருக்கறதுன்னுட்டார். ஆத்துல வைஃபை பாஸ்வேர்டை மட்டும் எங்கிட்டகூடச் சொல்ல மாட்டார்."

டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரோரம் நின்றவர்களில் யாரோ ஒருத்தி அதைச் செய்தவள். கடைசியில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "என்னை நானே பிடிச்சுக்கறதுக்கா உங்களை வரச் சொன்னேன்?" என்றார்.

பெட்டி சொன்ன சாட்சி

கே.கே. நகர் என் எல்லை கிடையாது. அங்கே பார்க்கும் பையன் வேலையை விட்டுப் போய்விட்டதால் என்னை அனுப்பினார்கள். தோல் வியாதி கிளினிக். அவர்களுடைய நோயாளிகளுக்கெல்லாம் பக்கத்துத் தெருவில் புதிதாகத் திறந்த கிளினிக்கிலிருந்து போன் போகிறது. போன் நம்பர் பட்டியலை யாரோ மொத்தமாக எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். யார் என்று முதலாளி டாக்டரம்மா முடிவே செய்துவிட்டார். வரவேற்பில் இருந்த தேவிதான். அவளை வேலையைவிட்டு நிறுத்தியும் ஆயிற்று. எனக்கு வேலை, அதற்கு ஒரு பிரின்ட் எடுத்துக் கொடுப்பது.

தேவியின் குடும்பம் ஆற்றோரத்தில் இருந்தது. வீட்டை இடித்து எல்லாரையும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேயிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, கிளினிக்கை முதலில் திறப்பவள் அவள்தான். மென்பொருள் போட்ட புதிதில் ஒரு முறை பாடம் எடுக்கப் போயிருக்கிறேன். சொன்னதைத் திருப்பிச் சொல்லிக் காட்டிய ஒரே ஆள். அவள் ஏன் இப்படிச் செய்தாள் என்று நினைத்துக்கொண்டேதான் லாகைத் திறந்தேன். அவள் செய்யவில்லை. பட்டியலை எடுத்தது டாக்டரம்மாவின் அக்கா மகன். கணக்கு வழக்கு பார்த்துக்கொள்கிறேன் என்று வந்து உட்கார்ந்திருந்தவர். அவருடைய பெயர், அவருடைய லேப்டாப். டாக்டரம்மா திரையைப் பார்த்தார். "சரி, இதை இதோட விட்டுடுங்க" என்றார். "தேவி?" என்றேன். ரொம்ப யோசித்துவிட்டு, வரச் சொல்கிறேன் என்றார்.

தேவி வந்தாள். நானும் இருந்தேன். வேண்டுமென்றேதான் இருந்தேன். டாக்டரம்மா மன்னிப்பு என்ற வார்த்தையைத் தவிர மற்ற எல்லா வார்த்தையும் சொன்னார். கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டோம், உன்மேல் தப்பில்லை, திங்கட்கிழமை வந்துவிடு என்றார். அக்கா மகன் உள்ளறையில் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது வெளியே கேட்டது. தேவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நான் எடுக்கலன்னு அழுதுக்கினே சொன்னேன், நீங்க நம்பல. பொட்டி சொன்னதும் நம்பிட்டீங்க. நாளைக்கு பொட்டி வேற மாரி சொன்னா? நான் வர்ல மேடம்."

எழுத்தில் வேண்டும்

அடையாரில் பெண்களுக்கான கிளினிக். ஒரு பெண், முப்பது வயதுக்குப் பக்கத்தில், வங்கி வேலை. மூன்றாம் மாதம் கரு கலைந்துவிட்டது. கணவனுக்கு மட்டும்தான் தெரியும். கொஞ்ச நாள் கழித்து, தானே மாமியாரிடம் சொல்லிக்கொள்கிறேன் என்று இருந்திருக்கிறாள். கிளினிக்குக்கு வந்துபோன அன்று சாயங்காலமே மாமியார் கேட்டுவிட்டார். அதுவும் எப்படி? "மறைச்சுட்டியே" என்று. என் ஃபைலை யார் பார்த்தார்கள் என்று அவள் கிளினிக்குக்கு மெயில் எழுதினாள்.

நான் பார்த்தேன். அவளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர், நர்ஸ், அப்புறம், இதில் ஒரு சம்பந்தமும் இல்லாத, நிர்வாகம் பார்க்கும் அம்மாள். அவர் டாக்டரின் நாத்தனார். பெசன்ட் நகரில் அந்தப் பெண்ணின் மாமியாரும் இவரும் ஒரே பஜனைக் குழு என்று நர்ஸ் சொன்னாள். டாக்டர் அறைக் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னார்: "அந்தப் பொண்ணு வரும்போது, இதெல்லாம் சிஸ்டத்துல தெரியாதுன்னு நீங்க சொல்லிடுங்க. நீங்க சொன்னா நம்பும்." அப்படிச் சொல்ல முடியாது என்றேன். அப்படியானால் பேசாமல் உட்காருங்கள் என்றார்.

அவள் வந்தாள். டாக்டர் மிகவும் அன்பாகப் பேசினார். தண்ணீர் கொடுத்தார். "யார் பாத்தாங்கன்னெல்லாம் எங்க சிஸ்டத்துல தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் என் பக்கம் திரும்பி, "இல்லையா மேடம்?" என்று கேட்டுவிட்டார். "தெரியும்" என்றேன். வேறு என்ன சொல்ல? டாக்டரின் முகம் மாறியது. அது கிளினிக்கின் உள்விவகாரம், வெளியே கொடுக்கிற வழக்கமில்லை என்று இழுத்தார். அந்தப் பெண் கத்தவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்து மேஜையில் வைத்துச் சொன்னாள்: "யாருன்னு எனக்குத் தெரியும் டாக்டர். 'கவலைப்படாதே, அடுத்த தடவை நல்லபடியா நடக்கும்'னு அவங்களே எனக்கு வாட்ஸப் அனுப்பியிருக்காங்க. எழுத்துல கிடைக்குமான்னுதான் கேட்டேன்."

நோயாளி வேண்டாம் என்றார்

இதைச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

தி.நகரில் ஒரு பாலிகிளினிக். பொது மருத்துவர், லேப், மருந்துக்கடை எல்லாம் ஒரே கட்டடத்தில். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் கஸ்தூரி, தன் புருஷன் மாரியைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். மாரி மீன் வண்டி ஓட்டுகிறவர். அன்று தி.நகரில் ஓர் ஓட்டலுக்கு மீன் இறக்க இருவருமாகப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டியூட்டியில் இருந்த இளம் டாக்டர் வயிற்றில் வாயு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார். வீடு போய்ச் சேர்வதற்குள் மாரி இறந்துபோனார்.

அடுத்த வாரம் நான் வேறு வேலையாக அந்த கிளினிக்குக்குப் போயிருந்தேன். முதலாளி டாக்டர் என்னை அறைக்குள் கூப்பிட்டு, ஒரு ஃபைலில் லாகை மட்டும் நீக்க வேண்டும் என்றார். என்ன என்று பார்த்தேன். முதலில் எழுதியிருந்தது: வாயுத் தொல்லை, மாத்திரை கொடுக்கப்பட்டது. மாரி இறந்த மறுநாள் காலை, முதலாளியின் அறையிலிருந்து, முதலாளியின் பெயரில் அது மாறியிருந்தது: ஈசிஜி எடுக்கச் சொல்லப்பட்டது, நோயாளி வேண்டாம் என்றார். நீக்க முடியாது சார் என்றேன். "உங்க மேனேஜர்கிட்ட பேசிக்கிறேன்" என்றார். பேசியும்விட்டார். மேனேஜர் உடனே எனக்குப் போன் போட்டு, "ஒரு வரிதானேம்மா, டேட்டாபேஸ்ல போய்ப் பாரேன்" என்றார். ஒரு வரியை உருவினால் உருவிய இடமும் தெரியும், அப்படித்தான் நாமே எழுதி வைத்திருக்கிறோம் என்றேன். அவருக்கு அது தெரியாமல் இல்லை.

நான் வெளியே வந்தபோது வரவேற்பில் ஒரு பெண் நின்றிருந்தாள். கூடத் தம்பியோ மச்சானோ ஒருத்தர். புருஷனுடைய வைத்தியக் காகிதம் வேண்டும் என்று கேட்டு வந்திருந்தார்கள். வரவேற்பில் வேலை பார்க்கும் பெண் அச்சடித்துக் கொடுத்தாள். இங்கிலீஷில் இருந்தது. அந்தம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற என்னிடம் நீட்டினாள். "இன்னா எய்திக்கீதுன்னு கொஞ்சம் சொல்லு மேடம்." படித்துச் சொன்னேன். ஈசிஜி எடுக்கச் சொன்னார்களாம், அவர் வேண்டாம் என்றாராம்.

"வேணாம்னாரா?" அவள் என் முகத்தையே பார்த்தாள். "நான் பக்கத்துலயேதான் குந்திக்கினு இருந்தேன். இன்னா ஈசிஜி? அப்டி ஒரு வார்த்தயே அங்க வர்லயே." கூட வந்தவர், "வா அக்கா, பெரிய எடம்" என்று அவள் கையைப் பிடித்தார். நான் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே முதலாளியின் கதவு பாதி திறந்திருந்தது. எனக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, மகள் பத்தாவது படிக்கிறாள், எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. அப்புறம் சொன்னேன்: "இது கடைசியா எழுதினது. முதல்ல என்ன எழுதியிருந்துச்சு, யார் எப்ப மாத்தினாங்கன்னும் கம்ப்யூட்டர்ல இருக்கும். அதையும் வேணும்னு எழுதிக் கேளுங்க. ஒரு வக்கீலை வெச்சுக் கேளுங்க."

எழுதிக் கேட்டார்கள். இலவசமாக வழக்கு பார்க்கும் ஒரு வக்கீலம்மா கிடைத்தார். லாக் வெளியே வந்தது. என்னை அந்த கிளினிக் பக்கம் போக வேண்டாம் என்று எங்கள் கம்பெனி சொல்லிவிட்டது. வேறு தண்டனை எதுவும் கிடையாது, சம்பள உயர்வுப் பட்டியலில் என் பெயரைத் தேடினால் கிடைக்காது, அவ்வளவுதான். இளம் டாக்டர் ஊரைவிட்டே போய்விட்டார். வழக்கு விசாரணைக்கு வருவதற்கு முன்பே கிளினிக் சமாதானம் பேசி முடித்துக்கொண்டது.

பல மாதம் கழித்துப் பட்டினப்பாக்கத்தில் மீன் வாங்கப் போனபோது கஸ்தூரி கூப்பிட்டாள். என் முகத்தை ஞாபகம் வைத்திருந்தாள். எனக்கென்று நல்ல மீனாகப் பொறுக்கி, செதில் எடுத்துக்கொண்டே பேசினாள். எல்லாம் முடிந்ததா என்று கேட்டேன். கத்தியை நிறுத்தாமலே சொன்னாள்: "முட்ஞ்சிச்சு. அவரு வேணாம்னு சொன்னாருன்னு எய்துனத மட்டும் எடுக்கவே மாட்டேன்னுட்டாங்கோ. ஓசி டீயக்கூட வேணாம்னு சொல்லாத மனுசன் மேடம் அவரு."

தெரிந்த பெயர்

கிளினிக்குகளைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தால், எங்கள் ஆபீஸ் ஆட்கள் உத்தமர்கள் என்று நினைத்துவிடுவீர்கள்.

சென்ற வருஷம் எனக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. நானே மென்பொருள் போட்டுக்கொடுத்த ஒரு கிளினிக்கில்தான் போய்க் காட்டினேன். அங்கே ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு, அவரவர் வேலைக்கு வேண்டியது மட்டும்தான் திறக்கும், அந்த நம்பிக்கை. ஊசி குத்திக் கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு வரும்வரை சோறு இறங்கவில்லை. வீட்டில் கணவரிடம் மட்டும் சொன்னேன். மகளிடம்கூடச் சொல்லவில்லை. கடைசியில் பயப்படும்படி ஒன்றுமில்லை என்று வந்தது.

மாதாமாதம் அந்த கிளினிக்குக்கு, யார் யார் எந்த ஃபைலைத் திறந்தார்கள் என்று அறிக்கை எடுத்துக் கொடுப்பதும் என் வேலைதான். அந்த மாதம் எடுத்தேன். அதில் என் பெயர் இருந்தது. டாக்டர் திறந்திருந்தார், நர்ஸ் திறந்திருந்தாள், சரி. மூன்றாவதாகத் திறந்தது கிண்டியிலிருந்து, எங்கள் ஆபீஸின் சப்போர்ட் கணக்கு. என் சீட்டுக்கு எதிர் சீட்டிலிருந்து. அங்கே உட்காருவது தினேஷ். கெட்டவன் என்று சொல்ல முடியாது. மழை நாளில் என் ஸ்கூட்டரைக் கூரைக்கு அடியில் தள்ளி வைப்பவன். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தான். அச்சடித்த அறிக்கையை அவன் முன்னால் வைத்து, என் பெயரில் விரலை வைத்தேன். ஒரு நிமிஷம் புரியாமல் பார்த்தான். பிறகு காது சிவந்தது. படித்தாயா என்று கேட்கத்தான் நினைத்தேன். அவன் கண்ணைப் பார்த்ததும் கேட்கத் தேவையில்லாமல் போய்விட்டது. மேனேஜரிடம் புகார் எழுதிக் கொடுத்தேன். பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், குடும்பம் மாதிரி இருக்கிறோம் என்றார்.

தினேஷ் பேசித் தீர்க்க வந்தான். உண்மையிலேயே வருத்தத்தோடுதான் வந்தான். அதுதான் தாங்கவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். பிரின்ட் சரியா வருதான்னு பாக்க ஒரு பேஷன்ட் வேணும்ல? எல்லாம் தெரியாத பேரா இருந்துச்சு. உங்க பேரு தெரிஞ்ச பேரா இருக்கேன்னு திறந்துட்டேன்."

யார் திறந்தார்கள், எப்போது திறந்தார்கள், எதை மாற்றினார்கள் என்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் குறித்துவைக்கும் இந்த மென்பொருளில், அப்படிச் செய்தவர்களில் யாருக்காவது கொஞ்சமாவது வெட்கமாக இருந்ததா என்று குறிப்பதற்கு மட்டும் ஒரு கட்டத்தை இதுவரை எந்த கிளினிக்கும் கேட்டதில்லை.